வாசிக்கத் தெரியாதவர் சீஷராக முடியாதா? தினசரி வேத வாசிப்பைக் குறித்து ஒரு கேள்வி

கேள்வி — சீஷத்துவ வகுப்பு ஆசிரியர், தென்காசி மாவட்டம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான அனைவருக்கும் தோத்திரம்.

எங்கள் சபையில் ஞானஸ்நானத்திற்கு ஆயத்தமாகிறவர்களுக்கும், அண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கும் நடைபெறும் சீஷத்துவ வகுப்பை நான் நடத்திவருகிறேன். நாங்கள் பயன்படுத்தும் பாடக்குறிப்பில் முதல் பாடமே தினசரி வேத வாசிப்புதான். வாரநாட்களில் மூன்று அதிகாரங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து அதிகாரங்களுமாக வாசித்தால் ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் முடித்துவிடலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது. அதற்குக் கீழே, "அனுதினமும் வாசிக்காதவன் சீஷன் அல்ல" என்று தடித்த எழுத்தில் ஒரு வாக்கியமும் உண்டு. வகுப்பில் சேருகிறவர்களுக்குக் கட்டம் போட்ட ஓர் அட்டையைக் கொடுக்கிறோம். வாசித்த அதிகாரங்களுக்கு நேரே டிக் அடித்து, வாரந்தோறும் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

இம்முறை வகுப்பில் சேர்ந்தவர்களில் பீடி சுற்றும் வேலை செய்கிற, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் இருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், பிரசங்கத்தில் கேட்ட ஓர் உவமையை அடுத்த வாரம் ஒரு வரி பிசகாமல் திருப்பிச் சொல்லுவார். அட்டையைக் கையில் கொடுத்தபோது, அதை மேஜைமேலேயே வைத்துவிட்டு, "அப்போ நான் முழுக் கிறிஸ்தவளாக முடியாதா ஐயா?" என்று கேட்டார். அதே வகுப்பில் இரவுப்பணி பார்க்கும் ஒரு தம்பியின் அட்டையில் ஒரு கட்டமும் காலியாக இல்லை. ஆயினும், முந்தின நாள் வாசித்ததில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டால் அவருக்கு எதுவும் நினைவுக்கு வருவதில்லை என்று அவரே வருத்தத்தோடு சொல்லுகிறார்.

ஒருவரைக் கிறிஸ்துவின் சீஷராக உருவாக்குவதில் தினசரி வாசிப்பின் இடம்தான் என்ன? அந்த வாக்கியத்தைப் பாடக்குறிப்பிலிருந்து எடுத்துவிடலாமா? எடுத்தால், ஏற்கெனவே தளர்ந்துகிடக்கிற வாசிப்புப் பழக்கம் அடியோடு போய்விடுமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் ஆலோசனை சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 — ஓய்வுபெற்ற போதகர், திருநெல்வேலி

தம்பி, அந்த அம்மாளின் கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும். அட்டையைக் குறித்துப் பிறகு பேசிக்கொள்ளலாம். அவரிடம் வெளிப்படுத்தின விசேஷம் 1:3-ஐ வாசித்துக் காட்டுங்கள். "இந்தத் தீர்க்கதரிசன வசனங்களை வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும், இதில் எழுதியிருக்கிறவைகளைக் கைக்கொள்ளுகிறவர்களும் பாக்கியவான்கள்" என்று அங்கே எழுதியிருக்கிறது. வாசிக்கிறவன் ஒருவன், அவனைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறவர்கள் பலர். முதல் நூற்றாண்டுச் சபை அப்படித்தான் இருந்தது. கொலோசெயருக்கு எழுதின நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று பவுல் சொல்லும்போது, ஆளுக்கொரு பிரதியை அவர் மனதில் வைக்கவில்லை. நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில் எஸ்றா தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியிலே காலமே தொடங்கி மத்தியானமட்டும் நியாயப்பிரமாணத்தை வாசித்தபோது, லேவியர் அதன் அர்த்தத்தை விளங்கச் செய்தார்கள். ஜனங்கள் கேட்டார்கள், அழுதார்கள், அதன்பின் எழுதியிருந்தபடியே கூடாரப்பண்டிகையை ஆசரித்தார்கள்.

நம்முடைய நாட்டையே எடுத்துக்கொண்டால், ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715-இல். அதற்குப் பிறகும் நெடுங்காலம், வீட்டுக்கு ஒரு வேதாகமம் என்பது பெரும்பாலான கிராமங்களில் நினைத்துப் பார்க்க முடியாத காரியமாகவே இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் கிராமச் சபைகளில் காலையிலும் மாலையிலும் மணி அடித்து, உபதேசியார் ஒரு பகுதியை வாசித்து விளக்கி, ஜெபித்து அனுப்புவார். வாசிக்கத் தெரியாத நம் முன்னோர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் விசுவாசத்தில் வேரூன்றினார்கள். அவர்கள் சீஷர்கள் அல்ல என்று சொல்லத் துணிகிறவர் யார்?

ஆனால், இதைக் காரணமாக வைத்து வாசிக்கத் தெரிந்தவர்களுக்குச் சலுகை கொடுத்துவிடக் கூடாது. உபாகமம் 17-ஆம் அதிகாரத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இஸ்ரவேலின் ராஜா நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொண்டு, ஜீவனுள்ள நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும் என்று அங்கே கட்டளை இருக்கிறது. அதன் நோக்கங்களில் ஒன்று, அவனுடைய இருதயம் தன் சகோதரர்பேரில் மேட்டிமை கொள்ளாதிருப்பது. ஒருவனை அனுதினமும் வாசிக்கச் சொல்லும் இடத்திலேயே இந்த எச்சரிப்பும் சேர்ந்து வருகிறது. ஆகவே, நம்முடைய வாசிப்பு, வாசிக்கத் தெரியாத ஒரு சகோதரியைத் தலைகுனிய வைத்தால், அந்தக் கட்டளையின் நோக்கத்துக்கே அது எதிராகப் போய்விட்டது என்றுதான் சொல்லுவேன்.

ஏசாயா 50:4-இல் கர்த்தருடைய தாசன், "காலைதோறும் என்னை எழுப்புகிறார், கற்றுக்கொள்ளுகிறவர்களைப்போல, நான் கேட்கும்படி என் செவியைக் கவனிக்கச்செய்கிறார்" என்று சொல்லுகிறார். இளைப்படைந்தவனுக்குச் சமயத்திற்கேற்ற வார்த்தையைச் சொல்லத் தெரியும்படியாகத்தான் அந்த அனுதினப் பயிற்சி. தினசரி வாசிப்பைச் சீஷத்துவத்தோடு இவ்வளவு நெருக்கமாகச் சேர்த்துக் காட்டும் வசனம் எனக்கு வேறு தெரியாது. அந்தத் தடித்த எழுத்து வாக்கியத்தை எடுத்துவிட்டு, இந்த வசனத்தை அங்கே போடுங்கள்.

பதில் 2 — வாலிபர் ஐக்கிய வழிகாட்டி, கோயம்புத்தூர்

போதகர் ஐயா சொன்னதை மனதார ஏற்றுக்கொள்ளுகிறேன். ஆனாலும், முழு வேதாகமத்தையும் வாசிக்கும் திட்டத்தை அந்த வாக்கியத்தோடு சேர்த்துக் கைவிட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். இன்று நம்முடைய வாலிபர்களில் பலருக்குத் தினசரி வேத வாசிப்பு என்பது காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வரும் ஒற்றை வசனமாகச் சுருங்கிவிட்டது. ஆண்டின் முதல் நாள் ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை ஓராண்டுக்குப் போதும் என்று இருக்கிறவர்களும் உண்டு. எரேமியா 29:11 எத்தனை வீடுகளில் சுவரில் தொங்குகிறது! "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வார்த்தை பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட நிருபத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்கும் முன்னே, அந்த அந்நிய பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணும்படி கட்டளை இருக்கிறது. அதிகாரம் முழுவதையும் வாசிக்காதவர் கையில் இந்த வாக்குத்தத்தம் மட்டும் மிஞ்சுகிறது. காத்திருப்பும் கட்டளையும் விடுபட்டுப்போகின்றன. இப்படிப் பொறுக்கி வாசித்தே வளருகிறவர், தான் கேட்க விரும்புகிறதை மட்டும் சொல்லுகிற ஒரு தேவனைத் தனக்கென்று உண்டாக்கிக்கொள்ளுவார் என்பதே என் பயம்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். நாளொன்றுக்கு மூன்று அதிகாரம் என்று ஜனவரியில் ஆரம்பிக்கிறவர்கள், ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களையும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களையும் முடித்து, மாதக் கடைசியில் லேவியராகமத்துக்கு வந்து நின்றுவிடுகிறார்கள். நாங்களும் அங்கேதான் தடுமாறினோம். ஆனால், 19-ஆம் அதிகாரத்தை எட்டியபோது, "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்ற 13-ஆம் வசனத்தில், கட்டட ஒப்பந்த வேலை செய்யும் ஒரு சகோதரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். தன்னிடம் வேலை செய்யும் சித்தாள்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கொடுப்பதே அவருடைய வழக்கம். பில் பணம் வராத வாரங்களில் அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போவதும் உண்டு. அந்த வாரம் தொடங்கி, அன்றன்றைய கூலியை அன்றன்றே கொடுக்க ஏற்பாடு செய்தார். அதற்காகக் கொஞ்சம் பணத்தைத் தனியே ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. யாரும் அவருக்கு இதைப் பிரசங்கம் பண்ணவில்லை. பெரும்பாலான பிரசங்கங்களில் இந்த வசனம் வருவதும் இல்லை. வரிசையாக வாசித்ததால் மட்டுமே அது அவர் கண்ணில் பட்டது. "திருவசனத்தைக் கேட்கிறவர்கள் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்" என்று யாக்கோபு எழுதினதன் பொருளை நான் அன்று ஒருவருடைய கணக்குநோட்டில் கண்டேன்.

வேகத்தைக் குறைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராயிருந்த ராபர்ட் மரே மெக்செய்ன், தம்முடைய சபையாருக்காக 1842-இல் வகுத்துக் கொடுத்த வாசிப்பு அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பழைய ஏற்பாட்டை ஒருமுறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரண்டு முறையும் ஓராண்டில் வாசிக்கும்படி அதை அமைத்தவர், அதன் ஆபத்துகளையும் அதோடு சேர்த்தே எழுதிவைத்தார். வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், முடித்துவிட்டோம் என்ற சுயநீதி உண்டாகலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சிலருக்கு அது தாங்க முடியாத நுகமாகலாம் என்று எச்சரித்தார். உங்கள் பாடக்குறிப்பில் திட்டம் இருக்கிறது. இந்த எச்சரிப்பு இல்லை என்று நினைக்கிறேன். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு இரண்டு அதிகாரங்கள்கூட ஆகாது.

பதில் 3 — பெண்கள் ஐக்கிய சங்க ஊழியர், தூத்துக்குடி

சகோதரரே, அந்த அம்மாளை அட்டையிலிருந்து விலக்கிவிட்டால் போதும் என்று நின்றுவிடாதீர்கள். அவருக்கும் அனுதினமும் வசனம் வேண்டும். கேட்கத்தான் அவரால் முடியும் என்றால், வாசித்துக் காட்ட ஆள் வைப்பது சபையின் கடமை. அப்போஸ்தலர் 8-இல் ஏசாயாவின் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி வாசிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும், "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்றார். பிலிப்பு அவரோடு ரதத்தில் ஏறி உட்கார வேண்டியிருந்தது.

பீடி சுற்றும் சகோதரிகள் நடுவில் நான் ஊழியம் செய்திருக்கிறேன். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டுகிற கைகள் பொழுது சாயும்வரை ஓயாது. காதுகளோ ஓய்வாகத்தான் இருக்கின்றன. நாலைந்து பேர் கூடி உட்காரும் வீட்டில், பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை மாலையில் வந்து ஒரு பகுதியை வாசிக்கும்படி ஏற்பாடு செய்தோம். ஒரு நாள் மத்தேயு 18-இல் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரனுடைய உவமை வந்தது. அவன் தன் உடன்வேலைக்காரனைத் தொண்டையை நெரித்துக் கேட்ட நூறு வெள்ளிப்பணம் எவ்வளவு என்று ஒரு சகோதரி கேட்டார். மத்தேயு 20-இல் ஒரு நாள் கூலி ஒரு பணம் என்றிருக்கிறது. அந்த நாணயம்தான் இதுவும் என்றேன். அவர்கள் கை நிறுத்தாமல் கணக்குப் போட்டார்கள். "நூறு நாள் கூலியா? அது சின்னக் கடன் இல்லையே அம்மா. அதை மன்னிக்கிறதும் லேசான காரியம் இல்லையே" என்றார் ஒருவர். அந்த நூறு பணம் அற்பத் தொகை என்றே பிரசங்கங்களில் கேட்டுப் பழகிய எனக்கு, மன்னிப்புக்கு உண்மையாகவே விலை உண்டு என்பதை எழுத்தறியாத அந்தச் சகோதரிதான் காட்டினார். அவருக்கும் அவருடைய ஓரகத்திக்கும் நடுவில் பழைய நகைக்கடன் ஒன்று இருந்தது. அதைப் பற்றி அன்று மாலையே அவர் தானாகப் பேச ஆரம்பித்தார்.

ஒலி வடிவ வேதாகமம் கைபேசியில் கிடைக்கிறது. தனிமையில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால், இயன்றவரையில் ஒரு மனிதர் வாசிப்பதே நல்லது. நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியும். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நாளுக்கு ஒரு நிகழ்ச்சி போதும். அதை மறுநாள் அவர் வாயால் சொல்லக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நினைவாற்றலில் உங்கள் வகுப்பு முழுவதையும் அவர் மிஞ்சிவிடுவார் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் இருதயபூர்வமான நன்றி. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, ஐயா சொன்ன ஏசாயா வசனத்தைப் போடத் தீர்மானித்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி மாலையில் அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறாள். இரவுப்பணி பார்க்கும் தம்பியைக் குறித்தும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். வேலை முடிந்து விடியற்காலையில் வண்டியில் திரும்பும்போது கைபேசியில் மூன்று அதிகாரங்களையும் ஓட்டிவிடுகிறார்.

பதில் 2 — வாலிபர் ஐக்கிய வழிகாட்டி, கோயம்புத்தூர்

அவர் சோர்ந்து தூங்கப்போகும் நேரத்தை வசனத்துக்குக் கொடுக்கிறார், அதனால்தான் அது மனதில் நிற்பதில்லை. எழுந்து குளித்து, வேலைக்குப் புறப்படுமுன் உள்ள நேரமே அவருக்குக் காலை. அந்த வேளையில் அச்சுப் புத்தகத்தில் ஒரே அதிகாரம் வாசிக்கட்டும். சில வாரங்களுக்கு அட்டையை வாங்கிவைத்துவிட்டு, பிலிப்பியர் நிருபத்தைக் கொடுங்கள். நாலே அதிகாரங்கள்தான், திரும்பத் திரும்ப வாசிக்கலாம். வாரத்தில் ஒருநாள் அவரோடு உட்கார்ந்து, "எத்தனை அதிகாரம் முடித்தீர்கள்" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த வாரம் எந்த வசனத்துக்குக் கீழ்ப்படிய வேண்டியிருந்தது" என்று கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்கள் அவர் பேசாமல் இருக்கலாம், அவசரப்படுத்த வேண்டாம். அவர் வாய் திறக்கத் தொடங்கின பிறகு ஆதியாகமத்துக்குப் போகலாம். லேவியராகமம் வரும்போது மட்டும் அவரைத் தனியே விடாதீர்கள், கூடவே உட்கார்ந்து வாசியுங்கள்.