எக்ஸ்போஷருக்கு 'ஒளிகாட்டல்' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, மொரீசியஸிலிருந்து வணக்கம். படம் பிடிக்கும்போது தாள்மேலோ ஃபிலிம்மேலோ அளவாக ஒளி படவிடுவதுதான் எக்ஸ்போஷர். அதற்கு 'ஒளிகாட்டல்' என்று நான் சொன்னதற்கு வந்த இரண்டு கேள்விகளுக்கு இது பதில்.

> 'வெளிப்பாடு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. நானும் அந்தச் சொல்லோடுதான் தொடங்கினேன். பிஸ்கட் டின்னில் ஊசித்துளைக் கேமரா (லென்ஸ் இல்லாமல் சிறு துளை வழியே படம் விழும் பின்ஹோல் கேமரா) செய்து பிள்ளைகள் கையில் கொடுத்த அன்றுதான் அது உதவவில்லை.

செய்த விதத்தைச் சொன்னால் காரணம் விளங்கும். டின்னின் உட்புறம் முழுக்கப் பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட் அடித்தோம். ஒரு பக்கத்தில் சின்ன சதுரம் வெட்டி, குளிர்பானக் கேனில் நறுக்கிய அலுமினியத் தகட்டை ஒட்டினோம். அந்தத் தகட்டில்தான் எல்லாமே இருக்கிறது. அதை ஓர் அட்டைமேல் வைத்து ஊசியின் முனையை மட்டும் அழுத்த வேண்டும். பின்புறம் எழும்பும் பிசிறை நைசான உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மறுபடி முனையை வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். ஊசியை முழுதாக இறக்கிவிட்டால் துளை பெரிதாகிப் படம் கலங்கிப்போகும். துளையிலிருந்து, டின்னுக்குள் எதிரே வைக்கும் போட்டோ தாளுக்கு 10 செ.மீ. தூரம் என்றால் 0.45 மி.மீ. துளை பொருத்தம் என்கிறது கணக்கு. எங்களுக்கு அமைந்தது 0.4.

இதைச் செய்து பார்த்தபின் 'ஊசித்துளை' என்ற சொல்லில் எனக்குக் குறையே தெரியவில்லை. ஊசியிலேயே இருக்கும் துளை என்று யாரும் மயங்க மாட்டார்கள். அதற்குத்தான் 'காது' என்று தனிப்பெயர் வைத்திருக்கிறோமே. 'நுண்துளை' வேண்டாம், அது தோலுக்கும் இலைக்கும் போய்விட்டது.

சரி, எக்ஸ்போஷருக்கு வருகிறேன். கிரேவ் கேர் கிராமத்தில், பீட்டர் போத் மலையைப் பார்த்தபடி ஒரு மதில்மேல் டின்னை வைத்தோம். காற்றில் ஆடாமலிருக்க மேலே ஒரு கல். துளையை மூடியிருந்த கறுப்பு டேப்பை உரித்ததும் எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். போட்டோ பேப்பருக்கு ஒளியுணர்வு மிகக் குறைவு, ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வு அளவில் 6 என்று வைத்துக் கணக்குப் போட்டால் நல்ல வெயிலில் சுமார் 40 விநாடி வருகிறது. 40 எண்ணி மூடிய தாள் ஒளி பத்தாமல் வெளிறிக் கிடந்தது. ஒரு நிமிடம் விட்ட தாளில் படம் வந்தது. நெகட்டிவ் என்பதால் வானம் கறுப்பு, மலை வெளுப்பு. உச்சியில் தலைபோல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பாறை, படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர் கரைசல் தட்டில் தலைகீழாகத் தொங்கியபடி மெல்ல மெல்லத் தெரிந்தது. அந்தச் சிவப்பு விளக்கில் பிள்ளைகள் மூச்சு விடவில்லை.

மூன்றாவது தாளுக்கு மேகம் வந்துவிட்டது. டேப்பைக் கையில் வைத்திருந்த பெண் கேட்டாள்: "மிஸ், இன்னும் காட்டணுமா?"

நான் சொல்லிக்கொடுத்த சொல் இல்லை அது. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளை. கோவிலில் கற்பூரம் காட்டுவதையும் தீபம் காட்டுவதையும் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்ட வினைச்சொல். அப்புறம் யோசித்தால் தமிழில் எல்லாவற்றையும் இப்படித்தானே சொல்கிறோம்! ஊறுகாய் ஜாடியை வெயிலில் காட்டுகிறோம், அப்பளத்தை அனலில் காட்டுகிறோம், குளித்த தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். ஒரு பொருள்மேல் இன்னொன்று, இவ்வளவு நேரம், அளவாகப் படவேண்டும் என்றால் அது காட்டுதல். எக்ஸ்போஷரும் அதுதான்.

'வெளிப்பாடு' என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது. உணர்ச்சி வெளிப்பாடு, திறமையின் வெளிப்பாடு என்கிறோம். இங்கே தாள் டின்னுக்குள் இருட்டிலேயே இருக்கிறது, ஒளிதான் வெளியிலிருந்து உள்ளே போகிறது. திசையே நேர்மாறு.

> 'ஒளிகாட்டி' என்றால் திசைகாட்டி போல ஒரு கருவி என்று ஆகாதா?

ஆகும், அக்கா. அதனால் 'காட்டி' வேண்டாம். 'காட்டல்' என்று செயலை மட்டும் எடுப்போம்: ஒளிகாட்டல், ஒளிகாட்டு நேரம். 'புகை காட்டல்' என்றால் புகையைச் சுட்டிக் காட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் ஊரில் பிரெஞ்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஊசித்துளைக்கு அதில் ஸ்தெனோபே, குறுகிய திறப்பு என்று பொருள்படும் கிரேக்க வேர்கள். எக்ஸ்போஷர் நேரத்துக்கு தாம் தெ போஸ். இரண்டுமே ஆங்கிலத்தின் நிழல் இல்லை. நாமும் நம் வாயில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்ற துணிவு எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஓர் இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். ஒளி கூடிப்போனதற்கு 'மிகைகாட்டல்' சொல்லலாம். குறைந்துபோனதற்கு 'குறைகாட்டல்' என்றால் குற்றம் சொல்வதாகிவிடுகிறது. இப்போதைக்குப் பிள்ளைகள் "பத்தாமல் காட்டிட்டோம்" என்கிறார்கள். இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?