லூசிட்டானோ, புதிதாகச் சவாரி பழகுபவருக்கு ஏற்ற குதிரையா?

லாடம்:
"போர்ச்சுகலின் லூசிட்டானோ பரம சாது, புதிதாகச் சவாரி பழகுபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று சில நாள் முன்பு இங்கே பரிமேல் எழுதியிருந்தார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

அந்தக் குதிரையை எந்த வேலைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள் என்று பாருங்கள். போர்ச்சுகல் காளைச் சண்டையில் வீரர் குதிரைமேல் இருந்துதான் காளையை எதிர்கொள்வார். கொம்புக்குத் தோலுறை போட்டிருந்தாலும் மோதினால் மோதியதுதான். காளை கிளம்பும்வரை குதிரை நகராமல் நிற்க வேண்டும். கிட்டத்தட்ட விலாவைத் தொடும் நேரத்தில் பின்னங்காலில் சுழன்று விலக வேண்டும். விலகிய கையோடு மறுபடி காளையை நெருங்க வேண்டும். மிரண்டு ஓடுகிற குதிரையும் அங்கே தேறாது, சொன்னதைத் தாமதமாகக் கேட்கிற குதிரையும் தேறாது. இப்படி வடிகட்டி வந்த குதிரைக்கு உங்கள் இடுப்பு லேசாகச் சாய்வதே கட்டளை. புதியவர் தடுமாறிக் காலை இறுக்கினால் "ஓடு" என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

பரிமேல்:
லாடம் அண்ணா, பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். காளை பாய்ந்து வரும்போது நகராமல் நிற்கிற குதிரைக்கு முதலில் பதற்றமில்லாத மனசு வேண்டாமா? அந்த மனசைத்தான் நான் சாது என்றேன்.

நான் இருப்பது லிஸ்பனில். பெலெம் பகுதியில் போர்ச்சுகீசியக் குதிரைக்கலைப் பள்ளியின் காட்சிக்கு அடிக்கடி போகிறேன். அங்கே ஆடுபவை அல்தேர் என்ற பண்ணையின் லூசிட்டானோ பொலிகுதிரைகள் (விதையடிக்காத ஆண் குதிரைகள்), எல்லாமே கருஞ்சிவப்பு நிறம். பொலிகுதிரைகளை ஒன்றுக்கொன்று அருகில் விடவே பல இனங்களில் பயப்படுவார்கள். இங்கே அங்கவடிகள் உரசும் தூரத்தில் ஜோடியாகத் திரும்புகின்றன. முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு குதிரையின் காதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே தாளம் போட்டுக் கால் மாற்றிக்கொண்டிருந்தது. வாயோரம் வெள்ளை நுரை. காது இரண்டும் பின்னால், சவாரிக்காரர் பக்கம் திரும்பியபடி. கூட்டம் கைதட்டியபோது ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் வந்து உடனே திரும்பிப் போனது. தன்மேல் இருக்கும் மனிதரை இவ்வளவு கவனிக்கிற குதிரையைப் புதியவருக்குத் தரக்கூடாது என்கிறீர்களே!

கடிவாளம்:
குணம் இருக்கட்டும். "ரோமானியர் காலத்திலிருந்து கலப்பில்லாமல் வந்த ரத்தம்" என்றும் பரிமேல் எழுதியிருந்தார். அதை விட முடியாது.

லிஸ்பன் பக்கம் பெட்டைக்குதிரைகள் மேற்குக் காற்றைப் பார்த்து நின்றே சினையாகும், அந்தக் குட்டிகள் வேகமானவை என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். அங்கே நல்ல குதிரை இருந்தது என்பதற்கு அது சான்று, சரி. ஆனால் இன்றுள்ள இனத்துக்கான சான்று இல்லை. லூசிட்டானோ என்ற பெயரில் தனிப் பதிவேடு வந்ததே 1960களில்தான். அதுவரை ஸ்பெயின் குதிரையும் இதுவும் ஒரே ஐபீரியக் குதிரை, அதாவது ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த தீபகற்பத்தின் குதிரை.

அல்தேர் பண்ணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1748இல் போர்ச்சுகலை ஆண்ட பிராகான்சா அரச குடும்பம் தொடங்கியது. லிஸ்பன் அரண்மனைச் சதுக்கத்தில் முதலாம் ஜோசே மன்னர் சிலையில் ஏறியிருக்கும் குதிரை ஜென்டில், இந்தப் பண்ணையில் பிறந்ததுதான். நெப்போலியன் படை வந்து பண்ணையைச் சூறையாடியது. அப்புறம் அரபு, ஆங்கில, ஜெர்மனியின் ஹனோவேரியன் ரத்தமெல்லாம் கலந்து பார்த்தார்கள், சரிவரவில்லை. 1910இல் முடியாட்சி விழுந்ததும் பண்ணையே கலைந்தது. ரூய் தி அந்திராதே என்பவர் மிஞ்சிய ஒருசில குதிரைகளை வைத்து அந்த வம்சவழியைக் காப்பாற்றி 1942இல் அரசிடம் ஒப்படைத்தார். இதில் கலப்பில்லாத ரத்தம் எங்கே இருக்கிறது?

பரிமேல்:
கலந்தது உண்மை. ஆனால் கலந்தது சரிவரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, ஏன் சரிவரவில்லை? வெளி ரத்தம் வந்ததும் வளைந்த முகவெட்டும், பின்னங்காலில் எடையை ஏற்றி உட்காருகிற உடம்பும், அந்தக் குணமும் போயின. அதனால்தான் ஐபீரிய ரத்தத்துக்கே திரும்பினார்கள். மீட்டெடுக்க ஒரு மனிதர் அவ்வளவு பாடுபட்டார் என்றால், மீட்க அங்கே ஒன்று இருந்தது என்றுதானே அர்த்தம்? அல்தேர் ஒன்றே லூசிட்டானோவும் இல்லை. காளைச் சண்டைக்காகவே வளர்த்த வெய்கா குடும்பத்துக் குதிரைகள் தனி வம்சவழி.

செம்பருத்தி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். போர்ச்சுகீசியர் கோவா வழியாக விஜயநகரத்துக்கு விற்ற குதிரைகள் இந்த இனம்தானா?

கடிவாளம்:
இல்லை அம்மா. அவை பாரசீக வளைகுடா வாயிலில் உள்ள ஓர்முஸ் துறைமுகம் வழியாக வந்த அரபு, பாரசீகக் குதிரைகள். கடல் வழியும் வணிகமும்தான் போர்ச்சுகீசியர் கையில் இருந்தன.

லாடம்:
குணத்துக்கே வருகிறேன். இனத்தின் அதிகாரபூர்வ வரையறையிலேயே குணம் பற்றி ஒரு வரி உண்டு: பெருந்தன்மையும் சூடும் உள்ளது, ஆனாலும் எப்போதும் பணிவும் பொறுமையும் கொண்டது. பரிமேல், நீங்கள் அந்த வரியின் பின்பாதியை மட்டும் படிக்கிறீர்கள். அந்தச் சூடு இல்லாவிட்டால் நொவில்யெய்ரோ என்ற லூசிட்டானோ பிரிட்டன் வீரர் ஜான் விட்டேக்கரைச் சுமந்து தடைதாண்டும் போட்டிகளில் ஜெயித்திருக்குமா? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ரூபி என்ற அல்தேர் குதிரை டிரஸ்ஸாஜ் (குதிரை நடை, அசைவுகளின் நேர்த்திக்கான போட்டி) இறுதிச் சுற்று வரை போயிருக்குமா?

நான் வேலை பார்த்த ஒரு சவாரிப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். புதிய மாணவர் ஒருவருக்கு இளம் லூசிட்டானோ ஒன்றைக் கொடுத்தார்கள். முதல் வாரம் சொக்கத்தங்கம். அவர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே காலாலும் அழுத்துவார். நில் என்கிறாரா, போ என்கிறாரா என்று புரியாமல் குதிரை இரண்டையும் செய்யப் பார்த்தது. உதைக்கவில்லை, கடிக்கவில்லை. சேணம் மாட்டும்போதே வியர்க்கத் தொடங்கியது. முரட்டுக் குதிரையாக இருந்தால் அவரைக் கீழே தள்ளிப் பாடம் சொல்லியிருக்கும். இது எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு உள்ளுக்குள் கெட்டுப்போனது.

பரிமேல்:
இளங்குதிரையைப் புதியவரிடம் கொடுத்தது அந்தப் பள்ளியின் தவறு, எந்த இனமானாலும் அப்படித்தான் ஆகும். பதினைந்து வயது தாண்டிய, நல்ல கையில் பழகிய லூசிட்டானோவில் ஒருவரை ஏற்றிப் பாருங்கள். சவாரிக்காரர் சரியாக உட்கார்ந்த அந்த நொடியில் முதுகைத் தூக்கிக் கொடுக்கும், தவறாக உட்கார்ந்தால் சும்மா நடக்கும். எந்த ஆசிரியரும் வாயால் சொல்லித்தர முடியாத பாடம் அது.

லாடம்:
அந்த மாதிரிக் குதிரையை யாரும் விற்கமாட்டார்கள். நவம்பரில் கோலெகா குதிரைச் சந்தைக்குப் போகும்போது பாருங்கள், புதியவருக்கு என்று காட்டுவதெல்லாம் நான்கைந்து வயதுக் குதிரைகளாகத்தான் இருக்கும். வாங்க நினைப்பவர், அதை இதுவரை பழக்கியவரை முதலில் ஏறி ஓட்டச் சொல்லுங்கள். இறங்கியதும் குதிரையின் விலாவைப் பாருங்கள். லேசான வேலைக்கே மூச்சு வாங்கி வியர்த்திருந்தால், எவ்வளவு சாதுவாக நின்றாலும் வாங்காதீர்கள்.