மறு: தொட்டிக்குள் புதைக்கும் பானைக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். செடித்தொட்டி மண்ணுக்குள் புதைத்து வேருக்கு நீர் கொடுக்கும் மண்பானைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'பானைப் பாசனம்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

அது பானை வழியாகச் செடிக்கு நீர் கொடுக்கும் முறைக்கான பெயர், இருக்கட்டும். ஆனால் அதற்குள் இரண்டு வேறு பானைகள் அடங்கிக் கிடக்கின்றன. மரக்கன்றுக்குப் பக்கத்தில் வைக்கும் பானையின் அடியில் துளையிட்டுப் பருத்தித் துணியைத் திரியாகச் செருகுவார்கள்; தண்ணீர் திரி வழியே இறங்கும். மாடித்தோட்டக்காரர்கள் இப்போது 'ஓயா' என்று சொல்லும் பானையில் துளையே கிடையாது (ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கும் வெறும் பானை என்றுதான் பொருள்). மெருகு பூசாத சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட வேண்டும். சுற்றியுள்ள மண் காயக் காயப் பானைச் சுவர் வழியே நீர் வெளியே வரும். மண் நனைந்துவிட்டால் தானாகவே குறையும். கத்திரி வெயிலில் மேலே ஊற்றும் நீரில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். இதிலோ வேர் இருக்கும் ஆழத்திலேயே நீர் கிடைக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு இந்தப் பானையில் துளை போட்டால் தொட்டி சேறாகி வேர் அழுகும். எனவே முதலாவது திரிப்பானை. இரண்டாவதற்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும்.

> 'கசிவுப்பானை' பொருத்தமாக இருக்கும்.

கசிவுநீர்க் குட்டை (நீரைத் தேக்கி நிலத்துக்குள் இறங்கவிடும் குட்டை) என்ற சொல் இருப்பதால் இதற்கு வலு உண்டு. ஆனால் வீட்டில் "பானை கசியுது" என்றால் விரிசல் விட்டுவிட்டது என்றுதான் அர்த்தம். கசிபானை என்று சுருக்கினால், வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதைக் கவனிக்காமல் பலர் 'கசிப்பானை' என்று எழுதுவார்கள். இலங்கையில் கசிப்பு என்றால் கள்ளச்சாராயம். யாழ்ப்பாணத்தில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களும் தயங்காமல் சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். அதனால் இது வேண்டாம்.

என் பரிந்துரை 'ஊறுபானை'. ஊறுகாய் போலவே வினைத்தொகை, ஒற்றுக் குழப்பம் வராது. கிணற்றில் இறைக்க இறைக்க நீர் ஊறுகிறதே, இங்கே மண் இழுக்க இழுக்க ஊறுகிறது. ஊறு என்பதற்குத் தீங்கு என்ற பொருளும் உண்டே என்று கேட்டிருந்தீர்கள். சரிதான், ஆனால் ஊறுகாய் என்னும்போது யாருக்கும் அந்தப் பொருள் தோன்றுவதில்லை.

சொல்லோடு சிறு விளக்கமும் சேர்க்க வேண்டும். பெயிண்ட் அடித்த பானை ஆகாது, நுண்துளைகள் அடைபட்டுவிடும். மூடி இல்லையென்றால் கொசு முட்டையிடும். உப்புத்தண்ணீர் ஊர்களில் பானையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் படிந்து ஊறுவது குறையும். வெளியே எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மானாமதுரைப் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள குயவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நீர் ஊறும் பக்குவத்தில் சுட்ட பானைக்கு அவர்களிடம் தனிப்பெயர் இருந்தால், என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.