8 − 3 கேட்டா 6ங்கறா: பின்னோக்கி எண்ணிக் கழிக்க எப்படிச் சொல்லித்தரது?

கேள்வி: வேளச்சேரி_அம்மா

பொண்ணு யூகேஜி, அஞ்சரை வயசு. 10-லேர்ந்து 1 வரைக்கும் தலைகீழா கடகடன்னு சொல்லிடுவா. ஆனா 8-லேர்ந்து 3 கழின்னா, "எட்டு, ஏழு, ஆறு"ன்னு மூணு விரலை நீட்டி விடை 6ங்கறா. 5 − 2 கேட்டா 4. 10 − 4 கேட்டா 7. புளியங்கொட்டையை வச்சுக் கேட்டா மட்டும் சரியா வருது. ஸ்கூல்ல பேக்வர்ட் கவுண்டிங்லதான் போடணும்னு டைரியில எழுதி அனுப்பறாங்க. எங்க இடிக்குதுன்னே தெரியல.

பதில்: சாக்பீஸ்

மூணு விடையிலயும் சரியா ஒண்ணு கூடியிருக்கு, பாத்தீங்களா? கவனக்குறைவுன்னா இப்படி ஒரே மாதிரி தப்பாது. நிக்கிற எண்ணையே முதல் படியா எண்ணிடறா.

அவ சொல்றது முழுசாத் தப்பும் இல்ல. எட்டுக் கொட்டையை வரிசையா வச்சுக் கடைசியிலேர்ந்து மூணை எடுத்தா, எடுத்தது எட்டாவது, ஏழாவது, ஆறாவது கொட்டை. எடுத்ததோட எண்ணைச் சொல்றா, நாம கேக்கறது மிச்சத்தை. அதனால "தப்பு, மறுபடி எண்ணு"ன்னா அவளுக்கு ஒண்ணும் விளங்காது, அதேதான் திரும்ப வரும்.

கொட்டையில சரியா வர்றதுக்கும் காரணம் உண்டு. மிச்சம் கண்ணுக்குத் தெரியுது, 1, 2, 3ன்னு முன்னோக்கியே எண்ணிடறா. பின்னோக்கி எண்ண வேண்டிய தேவையே அங்க வரல. அதனால மிச்சத்தை மறைக்கணும். ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும். அவ பாக்கவே அஞ்சு கொட்டையை எண்ணிப் போடுங்க. இன்னும் எதையும் எடுக்கல. "உள்ள எவ்வளவு?" "அஞ்சு." இந்தக் கேள்வியை விட்டுடாதீங்க, அஞ்சுங்கற சொல் படிக் கணக்குல சேராம இங்கயே முடிஞ்சிடும். ஒண்ணை எடுத்துத் தரையில வைங்க. "இப்ப உள்ள?" "நாலு." இன்னொண்ணு. "மூணு." கொட்டை தரையில பட்ட பிறகுதான் எண்ணைச் சொல்லணும். கை டம்ளருக்குள்ள இருக்கும்போதே சொல்ல விட்டா பழைய தப்பு வந்துடும். கடைசியில கவுத்துக் கொட்டி அவளே சரிபாக்கட்டும். அஞ்சுல தடுமாற்றம் போனதும் எட்டு, பத்துன்னு ஏத்துங்க. எடுக்கறது மட்டும் மூணைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம் வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடியில சாக்பீஸால 0-லேர்ந்து 10 வரைக்கும் ஒரே வரிசையில கட்டம் போடுங்க, ஒரு கட்டம் ஒரு அடி. 8-ல நின்னு மூணு தாவல், தாவலைத்தான் எண்ணணும், கால் நிக்கிற கட்டம் விடை. பரமபதம் ஆடறாளான்னும் கவனிங்க. தாயக்கட்டை உருட்டினதும் காய் இருக்கிற கட்டத்தையே "ஒண்ணு"ன்னு தொட்டா, அதே நோய்தான். அங்க திருத்தினா இங்கயும் சரியாகும்.

பதில்: மாம்பலம்_கணக்கு

10-லேர்ந்து 1 வரை சொல்றது பெரும்பாலும் பாட்டு மாதிரி மனப்பாடம். அதை நம்பி ஆரம்பிக்காதீங்க. "7-லேர்ந்து இறங்கு, 4 வந்ததும் நில்லு"ன்னு கேளுங்க. "9-க்கு முன்னாடி என்ன?"ன்னு கேளுங்க. உதட்டை அசைச்சு ஒண்ணுலேர்ந்து ஏறிப் போய்ப் பதில் கண்டுபிடிச்சா, கழித்தலுக்கு இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம். அரசுப் பள்ளிகள்ல 2022-ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல 1-லேர்ந்து 3 வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பாத்துத்தான் பிரிக்கறாங்க. வீட்லயும் டைரியை விட்டுட்டு அப்படித்தான் பாக்கணும்.

இறங்கும்போது 1-ல நிறுத்தாதீங்க, பூஜ்யம் வரைக்கும் போகட்டும். இல்லன்னா 5 − 5 கேட்டா 1-லயே நின்னுடும். 20 வரைக்கும் போகும்போது சிக்கல் 13, 12, 11 பக்கம். இங்கிலீஷ்ல எண்ணற பிள்ளை தேர்ட்டீனையும் தேர்ட்டியையும் குழப்பும். 16-லேர்ந்து 9 வரைக்கும் மட்டும் தனியா இறங்கப் பழக்குங்க.

பதில்: பெரம்பூர்_அபாகஸ்_வேண்டாம்

எல்லாத்துக்கும் பின்னோக்கி எண்ணச் சொல்றதே தப்புங்கறது என் கட்சி. எண்ணைத் தலைகீழாவும் சொல்லணும், எத்தனை படி இறங்கினோம்னு நேராவும் கணக்கு வச்சுக்கணும். சின்ன மண்டைக்கு ஒரே நேரத்துல ரெண்டு வேலை. 1, 2, 3 கழிக்க ஓகே. 11 − 9-க்கு ஒன்பது படி இறங்கினா எங்கயாவது ஒரு படி தவறியே தீரும். அங்க ஏறணும்: ஒன்பதைச் சொல்லிட்டு, பத்து, பதினொண்ணு, ரெண்டு விரல், முடிஞ்சுது. அண்ணாச்சி கடையில சில்லறை குடுக்கறதும் இப்படித்தான் (ஜிபே வந்தப்புறம் பிள்ளைங்க அதைப் பாக்கறதே இல்ல). அமெரிக்க ஆய்வாளர் கேரன் ஃபியூசன் 1980-கள்லயே முதல் வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஏறி எண்ணிக் கழிக்கக் கத்துக்குடுத்து, அது நல்லா வருதுன்னு காட்டியிருக்காங்க.

வேளச்சேரி_அம்மா

ரொம்ப நன்றி. டைரியில 10 − 4 மாதிரி இருக்கே, அதுக்கு விரலை எப்படி வைக்கறது? மாமியார் கட்டைவிரலால விரல் கணுவைத் தொட்டு எண்ணச் சொல்றாங்க.

பதில்: சாக்பீஸ்

பெரியவங்க கணுக்கணக்கு வேகமானது, ஆனா இன்னும் எத்தனை படி பாக்கின்னு அதுல பளிச்சுனு தெரியாது. இவளுக்கு இப்போதைக்கு மடக்கற முறைதான் சரி. கழிக்கற எண்ணை, அதாவது 4-ஐ, முதல்லயே விரல்ல நீட்டிடணும். "பத்து"ன்னு சொல்லும்போது எந்த விரலும் அசையக்கூடாது. இன்னொரு கையால தலையைத் தொடச் சொல்லுங்க, பத்து அங்க இருக்கு. அப்புறம் ஒரு விரலை மடக்கி "ஒன்பது", அடுத்தது "எட்டு", "ஏழு", "ஆறு". நீட்டின விரல் தீந்ததும் வாயில கடைசியா இருக்கிறது விடை. நீங்க சொன்ன மாதிரி ஒண்ணொண்ணா நீட்டிக்கிட்டே போனா, முதல் விரலோடயே "பத்து" ஒட்டிக்கும்.

இன்னொண்ணு, ஒர்க்புக்ல எண்கோடு போட்டிருந்தா புள்ளியை எண்ண விடாதீங்க. 10-லேர்ந்து 9-க்கு ஒரு வளைவு, 9-லேர்ந்து 8-க்கு ஒரு வளைவுன்னு பென்சிலால போட வச்சு வளைவை எண்ணச் சொல்லுங்க. விடை 7-னு மறுபடி வந்தா நோட்டை மூடிட்டு டம்ளருக்கே போங்க, அன்னிக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல இழுக்காதீங்க.