தீவனம் குறைஞ்சா ஆட்டுக் கொழுப்புல இருக்க பூச்சிமருந்து என்னாகும்?

தேவகோட்டையான்: இங்க கண்மாய் காஞ்சு மேய்ச்சலே இல்ல, ஆடெல்லாம் விலா எலும்பு தெரிய மெலிஞ்சு கிடக்கு. டிடிடி மாதிரி பழைய மருந்து கொழுப்புலதான் தங்கும்ங்கிறாங்க, அப்ப கொழுப்பு கரைஞ்சா விஷமும் போயிருமாண்ணே?

செம்மண்: எங்க போகும் தம்பி, கொழுப்புதான் கரையும், மருந்து ரத்தத்துல இறங்கி ஈரல் மூளைன்னு சுத்தும், மிச்சக் கொழுப்புல இன்னும் அடர்த்தியா ஏறிக்கும். டிடிடி தின்ன எலிய பட்டினி போட்டப்ப உடம்பு நடுக்கமே வந்திருக்கு.

ஆட்டுப்பட்டி: பால் கறக்குற ஆடுன்னா பால் கொழுப்பு வழியா கொஞ்சம் வெளியேறும், ஆனா அத குட்டிதான குடிக்குது! டிடிடிய விவசாயத்துக்கு நம்ம நாட்டுல 1989லயே தடை பண்ணிட்டாங்க, ஆனாலும் மண்ணுல லேசுல அழியாது.

தேவகோட்டையான்: அப்ப பட்டினி போட்டு சுத்தம் பண்றதெல்லாம் சும்மாவா?

செம்மண்: ஆமாப்பா. மருந்தடிக்காத கடலைக்கொடி கிடைச்சா போட்டு தேத்து, மெதுவாத்தான் குறையும்.