பொருள்: ‘லாக்’ எல்லாமே பூட்டுதானா? – பழைய கணினியில் மறுநிறுவல்

குழுவினருக்கு வணக்கம்.

பழைய மடிக்கணினியில் இயங்குதளத்தை மறுநிறுவும் உதவிப் பக்கத்தைத் தமிழாக்கும் வேலை நடக்கிறது. மூலத்தில் ‘லாக்டு’ வந்த இடமெல்லாம் ‘பூட்டப்பட்ட’ என்று போட்டாயிற்று. ஒரு பத்தியில் ‘பூட்டப்பட்ட கணினியைப் பென்டிரைவ் வைத்து மறுநிறுவலாம்’ என்று இருக்கிறது. அடுத்த பத்தி ‘பூட்டப்பட்ட கணினியை எத்தனை முறை மறுநிறுவினாலும் பயனில்லை’ என்கிறது. செய்தி இரண்டும் சரி, சொல்தான் காலை வாருகிறது. வழி சொல்லுங்கள்.

— ம.

---

> சொல்தான் காலை வாருகிறது

பூட்டு எங்கே தொங்குகிறது என்று பார்த்தால் சொல் தானாகப் பிரியும்.

விண்டோஸ் திறக்கும்போது கேட்கும் கடவுச்சொல் வட்டில் இருக்கிறது. அதை ‘நுழைவுப் பூட்டு’ எனலாம். 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் ஊடகம் தயாரித்து, எஃப்12 (எச்பியில் எஃப்9) அழுத்தி அதிலிருந்து தொடக்கி, பழைய பிரிவுகளை (பார்டிஷன்களை) நீக்கினால் பூட்டும் போய்விடும். விண்டோஸின் வட்டு மறையாக்கமான பிட்லாக்கர் போட்டிருந்தாலும் இதே வழிதான். அதன் 48 இலக்க மீட்புக் குறி பழைய கோப்புகளைப் படிக்கத்தான் தேவை, அழித்துவிட்டு நிறுவத் தேவையில்லை. தயாரிப்பாளர் விண்டோஸோடு விற்ற கணினி என்றால் உரிமக் குறி பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை நிறுவினால் இணையம் கிடைத்ததும் தானாகச் செயற்படும். விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்த இடத்தில் ப்ரோ பதிப்பை நிறுவிவிட்டு ‘உரிமம் கேட்கிறது’ என்று புலம்புவோர் உண்டு. அது பூட்டே இல்லை.

இரண்டாவது, கடைக்காரர் வாயில் ‘பயாஸ் லாக்’: இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் தாய்ப்பலகை மென்பொருளான பயாஸில் போட்ட கடவுச்சொல். மேசைக் கணினியில் பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றினாலோ ஜம்பரை மாற்றினாலோ போய்விடும். மடிக்கணினியில் அந்த வித்தை பலிப்பது அரிது, ஏனென்றால் கடவுச்சொல் மின்சாரம் இல்லாமலும் அழியாத சில்லில் இருக்கிறது. திங்க்பேடில் சூப்பர்வைசர் கடவுச்சொல் (பயாஸ் அமைப்புகளைக் காப்பது) தொலைந்தால் தாய்ப்பலகையையே மாற்றச் சொல்கிறது லெனோவோவின் கையேடு. ஆனால் பயாஸ் பூட்டு இருந்தாலே மறுநிறுவ முடியாது என்பதும் தவறு. பல கணினிகளில் அது அமைப்புகளை மாற்றுவதை மட்டும் தடுக்கும், எதிலிருந்து தொடக்குவது என்று கேட்கும் எஃப்12 பட்டி திறக்கும்.

சிக்கல் அதற்கப்புறம்தான். செயலி இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால், விண்டோஸ் நிறுவியில் வட்டுப் பட்டியல் காலியாக வரலாம். வட்டு பழுதில்லை, வட்டுகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதியான விஎம்டி இயக்கத்தில் இருக்கிறது. வழக்கமாகப் பயாஸில் அதை அணைப்பார்கள். பயாஸ் பூட்டியிருந்தால் அந்த வழி அடைபட்டது. ஆகவே தயாரிப்பாளர் தளத்திலிருந்து வட்டை நிறுவிக்குக் காட்டும் இன்டெல் ஆர்எஸ்டி இயக்கியை (டிரைவரை) இறக்கி, விரித்து, ‘.ஐஎன்எஃப்’ கோப்பு கண்ணுக்குத் தெரிகிற கோப்புறையாகப் பென்டிரைவில் போட்டு, ‘இயக்கியை ஏற்று’ என்பதில் காட்ட வேண்டும். விரிக்காமல் ‘.இஎக்ஸ்இ’யை அப்படியே போட்டால் நிறுவி அதைத் திரும்பியும் பார்க்காது.

மூன்றாவது வட்டுப் பூட்டு. கடவுச்சொல் வட்டுக்குள்ளேயே இருப்பதால் வேறு கணினியில் மாட்டினாலும் கேட்கும். தன்னைத் தானே மறையாக்கும் எஸ்எஸ்டிகள் பலவற்றில் 32 எழுத்துக் குறியொன்று (பிஎஸ்ஐடி) லேபிளிலேயே அச்சாகியிருக்கும். அதை உரிய கருவியில் கொடுத்தால் தரவு முழுவதும் அழிந்து வட்டு புதிதாகும். லேபிள் கிழிந்திருந்தால் வட்டை மாற்றிவிடுங்கள்.

நான்காவதுக்கு என்னிடம் சொல் இல்லை. பூட்டு கணினியில் இல்லை, எங்கோ ஒரு வழங்கியில் (சர்வரில்) இருக்கிறது. மேக்கில் கணினியை உரிமையாளர் கணக்கோடு கட்டும் ஆக்டிவேஷன் லாக், அலுவலக விண்டோஸில் கணினியை நிறுவனத்தோடு கட்டும் ஆட்டோபைலட், குரோம்புக்கில் அழித்தாலும் நிறுவனத்தில் மீண்டும் சேரவைக்கும் கட்டாய மறுபதிவு. வட்டைச் சுத்தமாக அழித்து நிறுவி, வைஃபை கொடுத்த மறுகணம் பழைய நிறுவனத்தின் பெயரோடு நுழைவுத் திரை வந்து நிற்கும். ‘உரிமைப் பூட்டு’ சரிவருமா?

— ந.

---

‘உரிமை’ வேண்டாம். பக்கத்திலேயே ‘உரிமம்’ இருக்கிறது, விண்டோஸ் உரிமச் சிக்கல் என்று படித்துவிடுவார்கள்.

நம்மிடம் ஊரறிந்த சொல் ஒன்று உண்டு: வில்லங்கம். மனை வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்க்கிறோம். வீட்டை இடித்துக் கட்டினாலும் பத்திரத்தின் மேலுள்ள அடமானம் போகாது. மறுநிறுவல் இடித்துக் கட்டுவதுதானே? அடமானம் பெற்றவர் எழுதிக் கொடுத்தால்தான் தீரும். இங்கும் பழைய உரிமையாளர் ஐகிளவுடில் நுழைந்து அந்த மேக்கைத் தன் கணக்கிலிருந்து அகற்ற வேண்டும், அல்லது நிறுவனத்தின் நிர்வாகி ஆட்டோபைலட் பதிவை நீக்க வேண்டும்.

— செ.

---

உவமை அருமை. ஆனால் மேக்கின் அமைப்புப் பக்கத்தில் இதை இடுவது யார்? திருட்டுக்கு அஞ்சும் உரிமையாளர். அவர் பார்க்கும் பொத்தானில் ‘வில்லங்கத்தை இயக்கு’ என்றிருந்தால் யார் தொடுவார்?

‘உடைமைப் பூட்டு’ என்று யாராவது சொல்லுமுன்: சட்டத் தமிழில் உடைமை கையில் இருப்பது, உரிமை பாத்தியதை. பழைய கணினி வாங்கியவர் கையில் உடைமை இருக்கிறது, உரிமைதான் இன்னும் வரவில்லை. ‘உரியவர் பூட்டு’ என்றால் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதையும் சொல்லே சொல்லிவிடும்.

இன்னொன்று. ‘அன்லாக்’குக்குத் ‘திறப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றால் சாவி. ‘திறப்பு தேவை’ என்று திரையில் வந்தால் மேசை இழுப்பறையைத் தேடுவோம். ‘பூட்டுநீக்கம்’ இரு கரையிலும் குழப்பாது. (இயங்குதளத்தை நாங்கள் பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்கிறோம். அந்தச் சண்டையை இப்போது எடுக்கவில்லை.)

— இ.

---

‘உரியவர் பூட்டு’ எனக்குச் சம்மதம். வில்லங்கத்தை வாங்குவோருக்கான பக்கத்தில் மட்டும் வைக்கலாம்: ‘வில்லங்கம் பார்த்தல்’. அங்கே இந்த வரிகள் கட்டாயம்: விற்பவர் எதிரிலேயே கணினியை மீட்டமைத்து, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கணக்குத் திரை வரை போக வேண்டும். நிறுவனப் பெயர் வந்தால் பணம் கொடுக்கக் கூடாது. இணையம் இல்லாமல் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு (லினக்ஸ்) நிறுவினாலும் ஆட்டோபைலட் திரை வராது, ஆனால் பதிவு அப்படியே இருக்கும், என்றைக்காவது விண்டோஸ் நிறுவினால் மறுபடி வரும்.

— ந.

---

நன்றி. பக்கத்தில் ஏற்றியவை: நுழைவுப் பூட்டு, பயாஸ் பூட்டு, வட்டுப் பூட்டு, உரியவர் பூட்டு, பூட்டுநீக்கம். பயாஸுக்குப் பதில் ‘நிலைபொருள்’ (ஃபர்ம்வேர்) கேட்டவர்களுக்கு: பழைய இன்டெல் மேக்குக்கான பத்தியில் அதையே வைத்திருக்கிறேன், அங்கே பயாஸ் கிடையாது.

‘பார்டிஷன்’ இன்னும் ‘பகிர்வு’ என்றே கிடக்கிறது. ‘பகிர்வை நீக்கு’ என்பதைப் படித்தவர் எதையோ பகிர்வதை நிறுத்துவதாக நினைத்து அழுத்தினால் வட்டு காலி. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

— ம.