தபூக் கேம்ப்ல தண்ணி லைன் உறையாம இருக்க என்ன பண்ணணும்?

தண்டையார்பேட்டை_பிளம்பர்:
அண்ணன்மாருக்கு வணக்கம். டிசம்பர்ல சவுதி தபூக் பக்கம் லேபர் கேம்ப் மெயின்டெனன்ஸுக்குப் போறேன். பாலைவனம்தான், ஆனா டிசம்பர், ஜனவரி ராத்திரியில பூஜ்யத்துக்குக் கீழ இறங்குமாம். பைப்பிங் நம்ம ஊரு மாதிரியேதான்: தரையில சம்ப், பிரஷர் பம்ப், வெளிச் சுவத்துல 20, 25 எம்எம் பிபிஆர் (பிளாஸ்டிக் குழாய்) லைன், மொட்டை மாடியில சோலார் ஹீட்டர். மார்கழியிலயும் ஃபேன் போட்டுத் தூங்குற ஊர்ல இருந்து போறதால இது எனக்குப் புதுசு. சாக்கு சுத்தினா போதுமா? டேப்பை ராத்திரி முழுக்கச் சொட்ட விடணும்னு சொல்றாங்களே, அவசியமா?

காசிமேடு_ஐஸ்மெக்கானிக்:
தம்பி, எப்படி வெடிக்குதுன்னு பிடிபட்டா மிச்சம் தன்னால வரும். தண்ணி ஐஸாகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும். ஐஸ் ஃபேக்டரி கேன் ஏன் கிழியறதில்ல? மேல வாய் திறந்திருக்கு, கட்டி உப்பி ஏறிக்குது. உன் லைனுக்கு ஒரு பக்கம் மூடின டேப், இன்னொரு பக்கம் பம்ப் வாயில நான்-ரிட்டர்ன் வால்வு, தண்ணியைத் திரும்பிப் போக விடாதது. ரெண்டு வாயும் அடைச்ச கேன் அது.

ஐஸ் பிடிச்ச இடத்துலயே வெடிக்கும்னு நினைக்காதே. நடுவுல ஐஸ் கார்க் மாதிரி உட்காரும். அது வளர வளர, அதுக்கும் டேப்புக்கும் நடுவுல சிக்கின தண்ணிக்குப் போக வழியில்ல, அமுங்கவும் அமுங்காது. பிரஷர் ஏறி, ஐஸே இல்லாத ஒரு எல்போவோ டேப் இணைப்போ கீறும். ராத்திரி ஒண்ணும் தெரியாது. காலையில வெயில் ஏறி கார்க் கரைஞ்சதும்தான் பீச்சியடிக்கும்.

சொட்ட விடறதோட அர்த்தமும் இதுதான். உறையாம தடுக்கறதைவிட, பிரஷர் இறங்க வாய் திறந்து வைக்கிறது. அதனால லைன்ல கடைசி டேப்பைத் திற. சுடுதண்ணி, பச்சத்தண்ணி ரெண்டும் கலந்து வர மிக்ஸர் டேப்னா லீவரை நடுவுல வை, சுடுதண்ணி லைனும் உறையும்.

சாக்கு, ஃபோம் எதுவுமே சூடு கொடுக்காது, குளிரறதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஒரு கணக்கு: அரை இஞ்ச் குழாய்ல மீட்டருக்கு சுமார் 180 மில்லி தண்ணி. வெளிய மைனஸ் 4, தண்ணி 15 டிகிரின்னு வை. வெறும் குழாய் அரை மணி நேரத்துல பூஜ்யத்துக்கு வந்துடும். 13 எம்எம் ஃபோம் போட்டா ஒன்றரை மணி நேரம் கிட்ட ஆகும். அதுக்கப்புறம் முழுசா கட்டியாக வெறும் குழாய்க்கே ஆறு மணி நேரம், ஃபோம் போட்டதுக்குப் பதினஞ்சுக்கு மேல. காத்தடிச்சா எல்லாமே சுருங்கும். இருந்தாலும் அங்க குளிர் கடுமையா இருக்கறது விடியறதுக்கு முன்னாடி சில மணி நேரம்தான், அதனால ஃபோம் பெரும்பாலும் ராத்திரியைக் கடத்திடும்.

இன்னொண்ணு, மேகமில்லாத காஞ்ச வானம். வானத்தைப் பாத்துக் கிடக்கிற குழாய் சூட்டை மேல விட்டுட்டு, காத்தைவிட ரெண்டு மூணு டிகிரி கூட இறங்கும். நம்ம பக்கம் கடல் ஈரம் போர்வை மாதிரி மூடிக்குது, அங்க அது கிடையாது. முன்னறிவிப்பு 2 டிகிரின்னா சுதாரிச்சுக்கோ.

பழையவண்ணை_ஹார்டுவேர்:
சாக்கு வேணாம் தம்பி. நனைஞ்சா குளிரை இன்னும் வேகமா உள்ள கடத்தும். ஏசி காப்பர் குழாய்க்கு மாட்டற கறுப்பு ரப்பர் ஃபோம்தான் சரி, ஆனா உள்விட்டம் பாத்து வாங்கு. 20 எம்எம் பிபிஆருக்கு 22 உள்விட்டம், 25-க்கு 28. கனம் 13 போதும், வடக்கு பார்த்த சுவத்துல 19 போடு. எல்போவுல வளைச்சு மாட்டாதே, வெளிப்பக்கம் மெலிஞ்சு போகும். ரெண்டு துண்டை 45 டிகிரியில வெட்டி ஒட்டு. கிளாம்ப் இடத்துலயும் வால்வு உடம்புலயும்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, குளிர் முதல்ல நுழையறதும் அங்கதான். ஃபோமோட பிளவை ஒட்டிட்டு, 15 சென்டிமீட்டருக்கு ஒரு டை கட்டு. வெயில் பட்டா இந்த ஃபோம் பொடிஞ்சு போகும், மேல அலுமினியம் ஷீட் கட்டாயம்.

பிபிஆர் பத்தி ஒரு எச்சரிக்கை. பூஜ்யம் பக்கம் வந்தா மொறமொறன்னு ஆயிடும், சுத்தியல் பட்டாலே விரிசல். காலைக் குளிர்ல வெட்டாதே. ஜாயின்ட் அடிக்கும்போது 20 எம்எம்முக்கு 5 விநாடி, 25-க்கு 7 விநாடி சூடு காட்டுறது வழக்கம். 5 டிகிரிக்குக் கீழ போனா அந்த நேரத்தைப் பாதி கூட்டு.

தண்டையார்பேட்டை_பிளம்பர்:
அண்ணே, 40 ரூம் இருக்கு, தண்ணி டேங்கர்லதான் வருது. எல்லா டேப்பையும் சொட்ட விட முடியுமா?

எண்ணூர்_ஃபிட்டர்:
முடியாது, தேவையும் இல்ல. நூல் மாதிரி ஒழுக விட்டா டேப்புக்கு மணிக்கு 10 லிட்டராவது போகும். 40 டேப், 6 மணி நேரம், 2,400 லிட்டர் செப்டிக் டேங்க்ல. தனி வீட்டுக்குச் சொல்ற வைத்தியம் அது. கேம்ப்ல லைனைக் காலி பண்ணு.

வெளிச் சுவர் லைனுக்கு மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு கொடு, ஆகத் தாழ்வான இடத்துல ஒரு டிரெய்ன் காக், அதாவது தண்ணியை வெளியேத்தற குழாய். ராத்திரி பதினொண்ணுக்கு மெயின் வால்வை மூடு, பம்பை ஆஃப் பண்ணு, டிரெய்னைத் திற, மேல் மாடி டேப் ஒண்ணைத் திற. மேல காத்து நுழையலைன்னா கீழ தண்ணி இறங்காது. டாய்லெட்டுக்கு பக்கெட்ல தண்ணி பிடிச்சு வைக்கச் சொல்லிடு, இல்லன்னா ராத்திரி எவனாவது வால்வைத் திறந்துடுவான்.

ஒரு நுணுக்கம்: மூடின பால் வால்வு உள்ள உருண்டையோட துளையில கொஞ்சம் தண்ணி சிக்கி நிக்கும். குழாய் காலியா இருந்தும் வால்வு உடம்பு பிளக்கறது அதனாலதான். காலியான லைன்ல இருக்கிற வால்வுக் கைப்பிடியைப் பாதி திருப்பி, 45 டிகிரியில விடு, அந்தத் தண்ணியும் வழிஞ்சிடும். மெயின் வால்வை அப்படி விட முடியாது, அதைச் சுவத்துக்கு உள்ள மாத்து, இல்லன்னா கனமா ஃபோம் சுத்து. தோட்டத்து டேப்புல ஹோஸை மாட்டியே விட்டா அதுவும் இதே கதை.

காலி பண்ணவே முடியாத இடத்துக்கு, அதாவது பம்ப் டெலிவரிக்கும் சமையற்கட்டு லைனுக்கும், செல்ஃப் ரெகுலேட்டிங் ஹீட்டிங் கேபிள், அதாவது குளிருக்கு ஏத்த மாதிரி தானா சூட்டைக் கூட்டிக் குறைக்கிற கரண்ட் கேபிள். மீட்டருக்கு 10 வாட் ரகம் போதும். குழாய்க்கு அடியில நேரா ஓட்டு. பிளாஸ்டிக் குழாய்ங்கறதால கேபிளுக்கு அடியிலயும் மேலயும் அலுமினியம் டேப், அதுக்கு மேல ஃபோம். கரண்ட் கசிஞ்சா தானா அணைஞ்சுடற 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி இல்லாம கரண்ட் கொடுக்காதே.

காசிமேடு_ஐஸ்மெக்கானிக்:
சோலாரை விட்டுட்டோமே. ஃபிளாட் பிளேட்டா, கண்ணாடிக் குழலா பாரு. ஃபிளாட் பிளேட்னா உள்ள சன்ன காப்பர் குழாய், வானத்தைப் பாத்துப் படுத்திருக்கு. வெளிய 3 டிகிரி இருந்தாலும் உறைஞ்சு பிளக்கும். போனதும் முதல் வேலையா அதைக் காலி பண்ணிடு. கண்ணாடிக் குழலுக்கு வெற்றிடம் காவல், அதுல குளிர் பிடிக்கறது போக வர குழாய்தான், அதுக்கு ஃபோம்.

உறைஞ்சே போச்சுன்னா டேப்பைத் திறந்து வச்சுட்டு, டேப் பக்கத்துல இருந்து உள்நோக்கி ஹேர் டிரையர் காட்டு. நடுவுல ஆரம்பிச்சா உருகின தண்ணி ரெண்டு ஐஸுக்கு நடுவுல மாட்டிக்கும். தீ ஊதற புளோ லாம்ப் பக்கமே போகாதே, பிபிஆர் இளகிடும்.